சார்லஸ் பூத்தின் வண்ண வரைபடம்: விக்டோரியா கால ஸ்டீம்பங்க் ஆட்டம் நடத்துவோருக்காக ஒரு மதிப்புரை

1898ஆம் ஆண்டின் லண்டனில், ஆனால் தேம்ஸ் ஆற்றுக்கு மேலே நீராவியில் இயங்கும் வான்கப்பல்கள் மிதக்கும் ஒரு மாற்று லண்டனில், நடக்கும் கதையொன்றை நாங்கள் ஐந்து பேர் ஒன்றரை ஆண்டுகளாக ஆடி வருகிறோம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ரோல்பிளேயிங் ஆட்டம் இது. நீராவித் தொழில்நுட்பம் கற்பனை எல்லை வரை வளர்ந்த பழைய உலகத்தைப் படைக்கும் இந்தக் கதைவகைக்கு ஸ்டீம்பங்க் என்று பெயர். கதைக்களம் அமைத்து ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் பொறுப்பு என்னுடையது. முதல் அமர்வில், துறைமுகத்தை ஒட்டிய சந்து ஒன்றில் ஒரு கொதிகலன் தொழிலாளி இறந்து கிடப்பதாகக் கதையைத் தொடங்கினேன். பாத்திரங்கள் அந்தச் சந்துக்குள் நுழைந்தவுடன் ஒரு நண்பர் மூன்று கேள்விகளை அடுக்கினார். இங்கே குடியிருப்பவர்கள் யார்? வாரத்துக்கு என்ன சம்பாதிப்பார்கள்? ஐந்து ஷில்லிங்கை நீட்டினால் பார்த்ததைச் சொல்வார்களா? என் முன்னால் மூன்று தடித்த விதிநூல்கள் இருந்தன. வான்கப்பலின் எடை, கொதிகலன் வெடித்தால் ஏற்படும் சேதம், இயந்திரக் கையின் பிடிவலு ஆகிய அனைத்துக்கும் அவற்றில் அட்டவணை இருந்தது. அந்த மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் விடை இல்லை.

அன்றிரவு தொடங்கிய தேடலில் கைக்குக் கிடைத்தவற்றுள், இன்றுவரை ஒவ்வோர் அமர்வுக்கும் முன்பு நான் திறந்து பார்க்கும் ஒன்றைப் பற்றியே இங்கு விரிவாக எழுத விரும்புகிறேன். அது ஆட்டக்காரர்களுக்காக உருவாக்கப்பட்ட பொருளே அன்று. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் நூலகம் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் சார்லஸ் பூத்தின் வறுமை வரைபடமும், அதனோடு சேர்ந்த காவல் நடைக் குறிப்பேடுகளும்தான் அவை.

முதலில் விதிநூல்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் புதிதாகத் தொடங்குபவர் பணத்தை முதலில் அங்குதான் செலவிடுவார். 1988இல் வெளிவந்த ஸ்பேஸ்: 1889 என்ற ஆட்டம், விக்டோரியா காலத்து ஐரோப்பியர்கள் ஈதர் கப்பல்கள் என்ற கற்பனை விண்கலங்களில் செவ்வாய், வெள்ளிக் கோள்களுக்குச் செல்லும் உலகத்தைத் தருகிறது. கற்பனை வளம் மிக்கது என்றாலும், அதன் மனம் லண்டனின் தெருக்களில் இல்லை, செவ்வாயின் கால்வாய்களில்தான் இருக்கிறது. 1994இல் வந்த காசில் ஃபால்கன்ஸ்டைன் பகடையை ஒதுக்கிவிட்டுச் சீட்டுக்கட்டைக் கையில் எடுக்கிறது. உடல் வலிமைக்குக் கிளாவர், அறிவுக்கு டைமன், உணர்ச்சிக்கு ஹார்ட்டின், சமூக நிலைக்கு ஸ்பேட் என்று அது வகுத்திருக்கும் முறை, சமூக நிலையை வாள்வீச்சுக்கு நிகரான ஆயுதமாக ஆக்குகிறது. அந்தக் காலத்தின் இயல்பைப் பிடித்துக்கொண்ட அழகான யோசனை அது. 2000ஆம் ஆண்டின் கர்ப்ஸ் ஸ்டீம்பங்க், இந்த வகைமையின் தொழில்நுட்பத்தையும் அதன் சமூக விளைவுகளையும் பொறுமையாக ஆராயும் நூல். நீங்கள் வேறு எந்த விதிமுறையில் ஆடினாலும், ஒரு புத்தகம் மட்டுமே வாங்க முடியும் என்றால் இதையே வாங்குங்கள் என்பேன். ஆனால் இவை அனைத்தும் உலகத்தை மேலிருந்து பார்த்து எழுதப்பட்டவை. ஒரு தெருவின் ஒரு வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டும்போது யார் திறப்பார்கள் என்று சொல்ல அவற்றில் இடமில்லை, அது அவற்றின் வேலையும் இல்லை.

சார்லஸ் பூத் 1840இல் லிவர்பூலில் பிறந்தவர். கப்பல் நிறுவனம் நடத்திச் செல்வம் சேர்த்தவர். லண்டனில் ஏழைகள் எத்தனை பேர் என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த 1886இல், தம் சொந்தப் பணத்தில் அதை எண்ணிப் பார்க்கத் தொடங்கினார். அந்த வேலை 1903 வரை நீண்டு, இறுதிப் பதிப்பில் பதினேழு தொகுதிகளாக முடிந்தது. நகர மக்களில் 30.7 விழுக்காட்டினர் வறுமையில் இருக்கிறார்கள் என்பது அவர் வந்தடைந்த கணக்கு. அந்த எண் அன்றைய லண்டனைக் கலங்கடித்தது. எனினும் கேம் மாஸ்டருக்குப் புதையல் அந்த எண்ணில் இல்லை, அதை அவர் காட்டிய விதத்தில் இருக்கிறது. ஒவ்வொரு தெருவுக்கும் அங்கு வாழ்பவரின் நிலைக்கேற்ப ஒரு வண்ணம் தீட்டினார். மிகக் கீழ்நிலைக்குக் கறுப்பு, நிலையான வேலையின்றி நாள்பட்ட பற்றாக்குறையில் உழல்பவர்க்குக் கருநீலம், ஏழைகளுக்கு வெளிர்நீலம், வசதியும் வறுமையும் கலந்த தெருவுக்கு ஊதா, ஓரளவு நல்ல வருமானம் உள்ளவர்க்கு இளஞ்சிவப்பு, நடுத்தர வர்க்கத்துக்குச் சிவப்பு, செல்வந்தர்க்கு மஞ்சள் என ஏழு வண்ணங்கள். வெளிர்நீலத்துக்கு அவர் தரும் விளக்கம் துல்லியமானது: நடுத்தர அளவுள்ள ஒரு குடும்பத்துக்கு வாரம் 18 முதல் 21 ஷில்லிங் வருமானம்.

என் நண்பரின் மூன்றாவது கேள்விக்கு விடை அந்த ஒரு வரியிலேயே இருந்தது. வெளிர்நீலத் தெருவில் ஐந்து ஷில்லிங் என்பது ஒரு குடும்பத்தின் வார வருமானத்தில் ஏறத்தாழ கால் பங்கு. அதை நீட்டுபவரை அந்தத் தெரு சந்தேகத்தோடுதான் பார்க்கும். பணத்தை வாங்கிக்கொண்டாலும், இவ்வளவு கொடுப்பவர் யார், எதற்காகக் கொடுக்கிறார் என்ற பேச்சு இரவுக்குள் நான்கு சந்துகளுக்குப் பரவிவிடும். அடுத்த அமர்வில் அப்படியே நடத்தினேன். அது வரை கடைக்குக் கடை கைநிறையக் காசை இறைத்து வந்த பாத்திரங்கள், அதன் பிறகு பென்னிகளை எண்ணத் தொடங்கினார்கள். பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற கணக்கை விளையாடுபவர்கள் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வாரம் ஒரு பவுண்டு வரும் வீடு என்று சொன்னால் அந்த வீட்டின் அடுப்பங்கரை வரை அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

இணையதளத்தில் இருப்பது 1898-99ஆம் ஆண்டின் திருத்திய பதிப்பு. மேற்கே ஹேமர்ஸ்மித் முதல் கிழக்கே கிரீனிச் வரையும், வடக்கே ஹாம்ப்ஸ்டெட் முதல் தெற்கே கிளாப்பம் வரையும் பன்னிரண்டு தாள்களாக நீளும் வரைபடத்தை இன்றைய லண்டன் வரைபடத்தின் மேல் விரித்துப் பார்க்கலாம், தெருவின் பெயரைத் தட்டித் தேடலாம், தாள்களைத் தனித்தனியே தரவிறக்கிக்கொள்ளவும் செய்யலாம். நான் ஆட்டம் நடக்கும் பகுதியை மட்டும் பெரிய தாளில் வண்ண அச்செடுத்து மேசை நடுவில் விரித்துவிடுகிறேன். மஞ்சள் வீதி ஒன்றின் பின்புறத்தில், வண்டிக் கொட்டில்களும் குதிரை லாயங்களும் உள்ள சந்து நீலமாக இருப்பதை விளையாடுபவர்கள் தாங்களே கண்டுபிடித்து விரல் வைத்துக் காட்டும்போது, நான் அரை மணி நேரம் வருணித்தாலும் வராத புரிதல் ஒரு நொடியில் வந்துவிடுகிறது. எங்கள் ஆட்டத்தில் பெருமாளிகைக்குள் நுழைய வேண்டியிருந்தபோது எவரும் முன்வாசலைப் பற்றி யோசிக்கவில்லை. பின்சந்தின் நிறம் அவர்களுக்கு வழி சொல்லிவிட்டது.

வரைபடத்தை விடவும் எனக்கு நெருக்கமாகிவிட்டவை காவல் நடைக் குறிப்பேடுகள். வரைபடத்தைத் திருத்துவதற்காகப் பூத்தின் உதவியாளர்கள், அந்தந்தப் பகுதியை நன்கறிந்த காவலரோடு தெருத்தெருவாக நடந்தார்கள். நடந்த நாள், உடன் வந்த காவலரின் பெயர், வழி, கண்ணில் பட்டது, காவலர் சொன்னது ஆகிய அனைத்தையும் கையெழுத்தில் பதிந்தார்கள். வீடுகளின் மாடி எத்தனை, சன்னல் உடைந்திருக்கிறதா, வாசற்படி துலக்கப்பட்டிருக்கிறதா, குழந்தைகளின் காலில் செருப்பு உண்டா என்று அவர்கள் பார்க்கும் கண், ஒரு தெருவுக்குள் முதன்முறை நுழையும் கதாபாத்திரத்தின் கண்ணேதான். வரைபடத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் அதைக் கடந்து சென்ற நடையின் பக்கங்கள் படமாகத் திறக்கின்றன. ஆட்டம் நடத்துபவருக்கு இதைவிடச் சிறந்த வருணனைப் பயிற்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை. மூன்று வரியில் ஒரு தெருவை எழுந்து நிற்க வைப்பது எப்படி என்று அந்தக் குறிப்பேடுகளிடமிருந்தே நான் கற்றுக்கொண்டேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். குறிப்பேடுகள் தட்டச்சாக மாற்றப்படாமல் கையெழுத்துப் படங்களாகவே இருக்கின்றன. ஆகவே, வேண்டிய சொல்லைத் தேடிப் பிடிக்க வழியில்லை. அவசரமாக எழுதிய ஆங்கிலக் கையெழுத்தும் அக்காலச் சொற்சுருக்கங்களும் பழகுவதற்கு எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. கைப்பேசியின் சிறிய திரையில் இந்தத் தளம் பயன்படாது என்றே சொல்வேன், கணினி வேண்டும். இவற்றை விடப் பெரிய குறை பொருளடக்கத்திலேயே இருக்கிறது. கறுப்பு வண்ணத்துக்குப் பூத் எழுதிய விளக்கம் வறுமையை மட்டும் குறிப்பதன்று. கீழ்நிலை, தீயொழுக்கம், பாதிக் குற்றவாளி என்ற தீர்ப்புகளையும் அது அந்தத் தெரு முழுவதன் மேலும் சுமத்துகிறது. வசதியான ஒருவரின் உதவியாளர், காவலரின் பக்கத்தில் நடந்து, வெளியிலிருந்து பார்த்து எழுதியது அது. உள்ளே இருந்தவர்கள் தங்களை எப்படிப் பார்த்தார்கள் என்பது அதில் இல்லை. ஆட்டத்தில் இந்தத் தீர்ப்பை அப்படியே எடுத்துக்கொண்டால் கறுப்புத் தெருவில் சந்திக்கும் எல்லாருமே திருடர்களாகிவிடுவார்கள். நான் வரைபடத்தின் நிறத்தை எப்போதும் காவலரின் கருத்தாகவே வைத்துக்கொண்டு, அந்தத் தெருவின் ஒரு வீட்டையாவது அதற்கு மாறாக அமைக்கிறேன்.

ஷோர்டிச்சில் இருந்த ஓல்ட் நிகல் என்ற குடிசைப் பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1889ஆம் ஆண்டு வரைபடத்தில் கறுப்பாகக் கிடந்த இந்தப் பகுதியை நகர நிர்வாக அமைப்பான லண்டன் கவுன்ட்டி கவுன்சில் 1890களில் இடித்துத் தள்ளி, அதே இடத்தில் பவுண்டரி எஸ்டேட் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டி 1900இல் திறந்தது. வெளியேற்றப்பட்டவர்கள் ஐயாயிரத்துக்கும் மேல். புதிய வீட்டின் வாடகையைக் கொடுத்துத் திரும்பி வந்தவர்கள் மிகச் சிலரே. திருத்திய வரைபடத்தில் அந்தக் கறுப்பு மறைந்துவிடுகிறது, மனிதர்கள் மறைந்துவிடவில்லை. அவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வியிலிருந்தே எங்கள் கதையின் பாதி பிறந்தது. எந்த விதிநூலும் இப்படியொரு கதைவித்தை எனக்குத் தந்ததில்லை.

பாத்திரங்களின் பேச்சுக்கு நான் நாடுவது லண்டனின் ஓல்ட் பெய்லி குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குப் பதிவுகள். 1674 முதல் 1913 வரையிலான 197,745 வழக்குகள் இங்கே தட்டச்சு வடிவில், தேடும் வசதியோடு, இலவசமாகக் கிடைக்கின்றன. கடைக்காரர், வேலைக்காரப் பெண், அடகு பிடிப்பவர், வண்டியோட்டி என்று கூண்டில் ஏறிய சாமானியர்கள் தம் வாயால் சொன்ன சாட்சியங்கள் இவை. அடகுக்கடைக்காரர் என்று தட்டினால், பொருளைக் கொண்டு வந்தவர் என்ன பெயர் சொன்னார், இவர் ஏன் ஐயப்பட்டார், எப்படிக் காவலரை அழைத்தார் என்று ஒரு காட்சியே திறக்கிறது. விக்டோரியா ஆட்சியின் தொடக்கப் பதிற்றாண்டுகளில் திருடுபோன பொருள்களின் மதிப்பும் குற்றச்சாட்டிலேயே எழுதப்பட்டிருப்பதால், காலணிக்கும் சட்டைப்பைக் கடிகாரத்துக்கும் போர்வைக்கும் விலைப்பட்டியல் தயாரிக்க அதுவே போதும். பெரிய குற்றங்களே இந்த நீதிமன்றத்துக்கு வந்தன என்பதையும், பாலியல் குற்ற வழக்குகளின் சாட்சியத்தை வெளியிடத் தகாதது என்று விட்டுவிட்டார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே மொழி பற்றி ஒரு சொல். நாங்கள் தமிழில்தான் ஆடுகிறோம். துறைமுகத் தொழிலாளியின் பேச்சை முதலில் வட சென்னைத் தமிழில் பேசிப் பார்த்தேன். பேசிய மறுகணமே மேசையில் இருந்த லண்டன் மறைந்து காசிமேடு வந்துவிட்டது. அதன் பிறகு வட்டார உச்சரிப்பை விட்டுவிட்டு, வழக்குப் பதிவுகளில் காணும் சொல்முறையைத் தமிழுக்குக் கொண்டு வர முயன்றேன். சாட்சிகள் நேரத்தை மாதாகோவில் மணியைக் கொண்டும், தொலைவைச் சாராயக்கடைகளைக் கொண்டும் சொல்வார்கள். கேட்டதற்கு மட்டும் விடை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் ஒன்றே ஓர் ஆளை வேறு ஊர்க்காரராக ஆக்கிவிடுகிறது.

துரத்தல் காட்சிகளுக்கு ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளம். 1893 முதல் 1896 வரை ஒரு மைலுக்கு ஐந்து அடி என்ற அளவில் வரையப்பட்ட லண்டனின் ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டிஷ் அரசின் நில அளவைத் துறை) தாள்கள் அங்கே இருக்கின்றன. வீடு வீடாக, முற்றம் முற்றமாக, தொழிற்சாலையின் கிட்டங்கி வாசல் வரை தெரியும். பழைய வரைபடத்தையும் இன்றைய வான்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நகர்த்தும் வசதி மிக நேர்த்தியானது. பூத்தின் வரைபடம் யார் வாழ்கிறார்கள் என்று சொல்லும், இது எந்தச் சுவரைத் தாண்டினால் எங்கே விழுவோம் என்று சொல்லும். குறை என்று சொல்ல எனக்கு எதுவும் அகப்படவில்லை.

இயந்திரங்களைப் பொறுத்தவரை என் கருத்து இந்த வகைமையை விரும்புவோர் பலருக்கு உடன்பாடாக இராது. கற்பனை இயந்திரங்களின் பட்டியலைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை என்று நான் நினைக்கிறேன், ஏனெனில் உண்மையில் இருந்தவையே போதுமான வியப்பைத் தருகின்றன. ஆன்றி ஜிஃபார் 1852 செப்டம்பரில், மூன்று குதிரைத்திறன் கொண்ட நீராவி எந்திரம் பொருத்திய வான்கலத்தில் பாரிசிலிருந்து 27 கிலோமீட்டர் பறந்தார். 1864இல் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் காற்றழுத்தத்தால் தள்ளப்படும் ரயில் பெட்டியில் மக்கள் காசு கொடுத்துப் பயணம் செய்தார்கள். எல்லாவற்றிலும் என்னைக் கவர்ந்தது 1883இல் தொடங்கிய லண்டன் ஹைட்ராலிக் பவர் கம்பெனி. தேம்ஸ் கரையில் நீராவி எந்திரங்களைக் கொண்டு தண்ணீரைச் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 700 முதல் 800 பவுண்டு அழுத்தத்துக்கு ஏற்றி, தெருக்களுக்கு அடியே இரும்புக் குழாய்களில் அனுப்பி, துறைமுகப் பாரந்தூக்கிகளையும் விடுதிகளின் லிஃப்டுகளையும் இயக்கியது அந்த நிறுவனம். வாப்பிங் பகுதியில் 1890இல் கட்டிய அதன் எந்திரநிலையம் 1977 வரை இயங்கியது. இத்தகைய செய்திகளைக் கிரேசஸ் கைடு என்ற பிரிட்டிஷ் தொழில்துறை வரலாற்றுத் தளத்தில் எவரும் படிக்கலாம். நகரத்தின் காலடியில் ஓடும் அந்த அழுத்தத்தை ஒருவன் ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் எந்தெந்தப் பாரந்தூக்கி எந்த நேரத்தில் நின்றுபோகும் என்ற ஒரே கேள்வியில் எங்களுக்கு நான்கு அமர்வுகள் ஓடின.

அந்த அமர்வுகளுக்கு விதிமுறை தந்தது 2017இல் வெளிவந்த பிளேட்ஸ் இன் த டார்க் என்ற ஆட்டம். ஒரு வட்டத்தை நான்கு, ஆறு அல்லது எட்டுத் துண்டுகளாகப் பிரித்து, ஆபத்து நெருங்க நெருங்க ஒவ்வொன்றாக நிரப்பும் அதன் கடிகார முறை, கொதிகலனின் அழுத்தமானியாகவே மேசையில் அமர்ந்துவிட்டது. அதன் அடிப்படை விதிகள் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பதால், ஆடிப் பார்த்து மனநிறைவு அடைந்த பிறகு நூலை வாங்கலாம். அதன் கதைக்களமான டாஸ்க்வோல் நகரம் லண்டன் அன்று என்பதால் விதிகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கட்டணம் வாங்கும் வளங்களில் ஒன்றில் ஏமாந்ததையும் பதிவு செய்கிறேன். விக்டோரியா கால லண்டனுக்கான முழுமையான கையேடு என்று விளம்பரம் செய்யப்பட்ட மின்னூல் ஒன்றைச் சற்று அதிக விலைக்கு வாங்கினேன். 1850ஆம் ஆண்டின் சாக்கடைத் தோட்டிகளும் 1890களின் மின்விளக்குகளும் அதில் ஒரே தெருவில் நின்றன. விக்டோரியாவின் ஆட்சி 1837 முதல் 1901 வரை நீண்டது, அது ஒரு காலமே அன்று, மூன்று தலைமுறை. 1858இல் தேம்ஸ் ஆற்றின் கழிவால் நகரத்தைத் திணறடித்த பெருநாற்றத்துக்குப் பிறகு, பொறியாளர் பாசல்ஜெட் கட்டிய சாக்கடைகள் நகரத்தின் அடிவயிற்றையே மாற்றிவிட்டன. 1863இல் ஓடத் தொடங்கிய சுரங்க ரயில் மக்கள் எவ்வளவு தொலைவு வேலைக்குச் செல்ல முடியும் என்பதை மாற்றியது. எந்த வளத்தை வாங்கும் முன்பும் அதில் ஆண்டு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் வாங்க வேண்டாம். பூத்தின் பக்கங்களில் நாளும் மாதமும் வரை இருக்கின்றன.

படங்களுக்குப் பிரிட்டிஷ் நூலகம் 2013 டிசம்பரில் ஃபிளிக்கர் தளத்தில் வெளியிட்ட பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பழைய நூற்படங்கள் உதவும். தேடல் சிரமம், பொறுமை இருந்தால் நல்ல முகங்கள் கிடைக்கும். செய்தித்தாளுக்கு பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்கைவ் சந்தா கேட்கிறது. நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட், ஆஸ்திரேலியாவின் ட்ரோவ் ஆகியவை இலவசம், லண்டன் செய்திகளை அக்காலக் குடியேற்ற நாட்டு இதழ்கள் எடுத்து வெளியிட்டதால் அவற்றிலேயே பல அகப்படுகின்றன.

இவ்வளவு வளங்களிலும் ஒரு வெற்றிடம் இருக்கிறது. லண்டன் துறைமுகத்தில் இறங்கிய சர்க்கரையும் சணலும் தேயிலையும் எங்கிருந்து, என்ன விலையில் வந்தன என்பதைப் பற்றி ஸ்டீம்பங்க் நூல்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. பேரரசு அவற்றில் பித்தளையும் தோலுமாக மின்னும் பின்னணியாக மட்டும் நிற்கிறது. 1877 ஜனவரி முதல் நாள் டெல்லி தர்பாரில் விக்டோரியா இந்தியப் பேரரசியாக அறிவிக்கப்பட்டபோது, சென்னை மாகாணத்தில் தாது வருடப் பஞ்சம் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பஞ்சத்தின் போதும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறியது. தமிழில் இந்த ஆட்டத்தை ஆடும்போது அதை மறந்துவிட்டு ஆட எங்களால் முடியவில்லை, முடியக் கூடாது என்றும் கருதுகிறேன்.

எங்கள் குழுவில் ஒரு தோழி ஏற்றிருக்கும் பாத்திரம், அந்தப் பஞ்சத்தில் பெற்றோரை இழந்து, பின்னாளில் ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் குழந்தைகளைக் கவனித்தபடி கப்பலில் வந்து, லண்டனில் கைவிடப்பட்ட ஆயா. இது வலிந்து நுழைத்த கற்பனையன்று. அப்படி வந்து நின்றுபோன பெண்கள் தங்குவதற்காக ஆல்ட்கேட் பகுதியில் ஆயாக்கள் இல்லம் ஒன்று இருந்தது, 1900இல் அது ஹாக்னிக்கு இடம் மாறியது. ஆசியக் கப்பல் தொழிலாளர்களுக்கென லைம்ஹவுஸ் பகுதியின் வெஸ்ட் இந்தியா டாக் சாலையில் 1857இலேயே ஒரு விடுதி திறக்கப்பட்டிருந்தது. பூத்தின் வரைபடத்தை விரித்து அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே விரலால் வழி தேடிய மாலையில்தான், இவள் அந்த நகரத்தில் எங்கெல்லாம் நடந்திருப்பாள், எந்த நிறத் தெருவில் யார் அவளுக்குக் கதவைத் திறந்திருப்பார்கள் என்று எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அதுவரை பித்தளைப் பல்சக்கரங்களைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்த நண்பர்கள், அன்று முழுவதும் அவளிடம் கேள்வி கேட்டார்கள்.

எங்கள் கதை இப்போது 1900ஆம் ஆண்டை நெருங்குகிறது, ஆயா ஹாக்னிக்கு மாறப்போகிறாள். அடுத்த சனிக்கிழமைக்காக அந்தப் பகுதியின் வரைபடத் தாளை அச்செடுத்துவிட்டேன். அதைக் கடந்து சென்ற ஒரு காவல் நடையின் நான்கு பக்கங்களையும் படித்து எழுதி வைத்திருக்கிறேன். ஒரு வீட்டைப் பற்றிய வரியில் இரண்டு சொற்கள் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. இன்றிரவு படத்தைப் பெரிதாக்கி மறுபடி பார்க்க வேண்டும்.